ஒன்பது பாகை

மன்னார்குடியில் உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை.
யூரியா வாசனைக்குள் மூன்று வருடமாக
எழுத்துகளைச் சாய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைக்காரர் இளம்பரிதி ஒருநாள் மாடியேறி வந்து
திரையைப் பார்த்தார்.
"சாஞ்சா போச்சுங்க. கொள்முதல்ல எடுக்க மாட்டான்."
தை மழையில் படுத்த நெல்
இன்னும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.
இது படுத்ததில்லை என்றேன்,
எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவன் முதுகு.
அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

கணினியில் ஒரு பொத்தான் இருக்கிறது,
தட்டினால் எதுவும் சாயும்.
ஆனால் சுழிகள் நசுங்கிவிடும்,
பேருந்தில் யாரோ உட்கார்ந்த பன் மாதிரி.
அதனால் ஒவ்வொன்றையும் கையால்.
முனையில் குஞ்சம் இல்லை, கொழுப்பு இல்லை,
தலைமுதல் கால்வரை ஒரே தடிமன்,
பம்புசெட் குழாய்போல.

‘ட’ சொன்ன உடனே கேட்டது.
‘ண’ மூன்று சுழிகளையும் இடுக்கிக்கொண்டு
கூட்டத்தில் படியேறப் பார்த்தது;
முதல் சுழியைச் சிறிதாக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன்.
அதிகம் படுத்தியது புள்ளிதான்.
பழைய இடத்திலேயே வைத்தால் பின்தங்கிப் போகிறது.
கொஞ்சம் முன்னே வைத்தால்
பக்கத்து எழுத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது.
ஒரு வாரம் முழுக்க நகர்த்தினேன்.
இன்று என்ன வேலை நடந்தது என்று வீட்டில் கேட்டார்கள்.
புள்ளி, என்றேன்.

‘ஞ’வை மட்டும் தள்ளிப்போட்டேன்.
தலையிலும் காலிலும் வேலை வைத்திருக்கிற எழுத்து.
சாய்த்தால் முகங்குப்புற விழுகிறது.
எத்தனை சொல்லில் வந்துவிடப் போகிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரைகுறைக் கோப்பை நான்கு பேருக்குக் கொடுத்தேன்.
மருந்துக்கடை ஒன்று உறையில் போட்டது:
மாத்திரையின் பெயர் நேராக,
‘சாப்பாட்டுக்குப் பின்’ சாய்வாக,
காதருகே குனிந்து சொல்வதுபோல.
பாமணி ஆற்று மதகில் யாரோ ஒட்டியிருந்தார்கள்:
‘ஆழம். இறங்காதீர்.’
அங்கே அது ஓடியது. தண்ணீரைவிடக் கொஞ்சம் வேகமாகவே.

பிறகு கூத்தாநல்லூர் பேருந்து நிறுத்தத்தில்
சுவர் முழுக்க அந்தச் சுவரொட்டி.
தனபாக்கியம், வயது அறுபத்தெட்டு,
கூட்டுறவு வங்கி, ஓய்வு.
‘கண்ணீர்’ என் எழுத்தில் அழகாக இருந்தது.
அடுத்த சொல்லில் ‘அ’வுக்கும் ‘சலி’க்கும் நடுவே
ஒரு வெற்றுக் கட்டம்.
கீழே பிறந்த ஊர்:
‘த’, ஒரு கட்டம், ‘சாவூர்’.

டெல்டாவில் உட்கார்ந்து எழுத்து செய்கிறவன்
தஞ்சாவூர் என்று எழுத வழியில்லாமல் செய்திருக்கிறேன்.

பிளெக்ஸ் கடை ஜபருல்லாவைக் கூப்பிட்டேன்.
"அவசரம் சார், ராத்திரி ரெண்டு மணி, கவனிக்கல.
அவங்க வீட்லயும் யாரும் ஒண்ணும் கேக்கல."
இந்த எழுத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.
"அந்தம்மா நடக்கிறத நீங்க பாத்ததில்லயே.
பேங்க் தொறக்கறதுக்கு முந்தி
ஒடம்பு முன்னால போகும், கால் பின்னால வரும்.
இதுதான் அவங்க மாதிரி இருந்துச்சு."

அன்றிரவு மின்சாரம் இரண்டு முறை போனது.
கொசுவர்த்தி முழுசாக எரிந்து முடிந்தது.
‘ஞ’ ஒன்பது பாகையில் விழுந்தது, எட்டிலும் விழுந்தது.
ஏழில் நின்றது.
இந்த ஊர் நிலமும் அப்படித்தான்,
பார்த்தால் பலகை;
சரிவு எங்கே என்று தண்ணீரைத்தான் கேட்க வேண்டும்.

மஞ்சள். கொஞ்சம். பஞ்சு. நெஞ்சு.
தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது,
நான் அபூர்வம் என்று நினைத்த எழுத்து.

விடியும்முன் அனுப்பினேன், காசு வேண்டாம் என்று.
பதினாறாம் நாள் அறிவிப்பில்
அஞ்சலி முழுசாக வந்தது.

இளம்பரிதி கடையிலும் ஒன்று ஒட்டியிருந்தது.
மூட்டையை இறக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
நடுவில் விரல் வைத்தார், சரியாக அந்த எழுத்தில்.

"இது மட்டும் கொஞ்சம் எந்திரிச்சிருக்கே?"